கர்ணம் வீட்டு மூட்டையிலிருந்து கைபேசி வரை: நம் ஊர்க் கணக்கின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

உங்களில் பலர் போன் செய்யும்போது ஒரே மாதிரிக் கேள்வியைக் கேட்கிறீர்கள். "சார், பட்டா ஆன்லைன், பி.எஃப். ஆன்லைன், ரேஷன் ஆன்லைன் என்கிறார்கள். எல்லாம் கைக்குள் வந்தாச்சு. அப்புறம் பெயரில் ஒரு எழுத்தை மாற்ற ஏன் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது?" எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. உங்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தின் கணக்குப் புத்தகங்களின் கதையாகப் பதில் சொல்கிறேன்.

1) குதிரையில் வந்த கணக்கு

ரயத்துவாரி முறை என்று ஒரு பாடம் படித்தீர்கள். "கொண்டுவந்தவர் தாமஸ் மன்றோ" என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அந்த முறை தவழ்ந்து பழகிய மண் நம் மண்தான் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் எல்லாம் அதில் அடக்கம். அதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக மன்றோ, கிரகாம், மக்லியாட் என்று மூன்று பேர். நால்வருமே பட்டாளத்துக்காரர்கள். ஓசூர்ப் பக்கம் மட்டும் 1799இல் திப்பு வீழும் வரை மைசூரோடு இருந்தது.

ரீட்டும் மன்றோவும் குதிரையேறி ஊர் ஊராகப் போனார்கள். வயல் வயலாக அளக்க ஏற்பாடு செய்தார்கள். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் நேராக விவசாயியிடமே தீர்வை பேசினார்கள். ஆனால் ஒரு ஆளைத் தாண்டி அவர்களாலும் போக முடியவில்லை. அவர்தான் ஊர்க் கர்ணம். கன்னடம் பேசுகிறவர்கள் ஷானுபோகர் என்பார்கள். எந்த நிலம் யாருடையது, எது மானியம், எது தரிசு, எது கணக்கில் வராமல் உழப்படுகிறது என்பதெல்லாம் அவர் கையில்தான். கணக்கு அவர் வீட்டில், துணி மூட்டையில், பரண் மேல் இருக்கும்.

இந்த முறையோடு சேர்ந்து வளர்ந்ததுதான் ஜமாபந்தி. வருடத்துக்கு ஒரு தடவை மேலதிகாரி வந்து உட்கார்ந்து, ஊர்க் கணக்கை வரவழைத்து, குடிகளை வைத்துக்கொண்டே சரிபார்ப்பது. இன்றும் வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில் தாலுகா அலுவலகங்களில் நடக்கிறது. இன்றும் பசலி ஆண்டுக் கணக்குதான். பசலி வருடத்தோடு 590ஐக் கூட்டினால் நம் ஆங்கில ஆண்டு வரும். ஜூன் 30இல் ஒரு பசலி முடிகிறது. இந்த ஜமாபந்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வருகிறேன்.

2) கர்ணம் போனார், கணக்கு மாறியது

கர்ணம், மணியக்காரர் பதவிகள் பரம்பரையாக ஓடிக்கொண்டிருந்தன. கர்ணத்துக்கு வேண்டியவர் என்றால் அடங்கலில் பயிர் ஏறும், வேண்டாதவர் என்றால் ஏறாது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் அந்தப் பதவிகளை ஒழித்தது. பிறகு தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள், அதாவது நம் வி.ஏ.ஓ.க்கள், அந்த இடத்துக்கு வந்தார்கள். இது பெரிய சமூக மாற்றம். தாத்தா காலத்தில் கர்ணம் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்ற குடும்பத்துப் பிள்ளை, அந்த ஊர்க் கணக்கையே எழுதும் நிலைக்கு வந்தது சாதாரண விஷயமா?

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. 1979 ஜூனில் தொடங்கி 1987 ஏப்ரல் வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். எல்லோரும் யு.டி.ஆர். என்பார்கள். கொள்ளுப்பாட்டன் பெயரில் கிடந்த பட்டாக்களை, அன்றைக்கு அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கு மாற்றுவதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் மாநிலம் முழுவதும், லட்சக்கணக்கான உட்பிரிவுகளைச் சில வருடங்களில் எழுதி முடிக்க வேண்டும். அண்ணன் தம்பி நான்கு பேரில் ஊரில் இருந்தவர் பெயர் மட்டும் ஏறியது. சர்வே எண் இடம் மாறியது. பரப்பு கூடியது, குறைந்தது. வெளியூரில் வேலைக்குப் போயிருந்தவருக்கு விஷயமே தெரியாது. தெரியவந்தபோது அவர் பேரன் வீடு கட்ட லோனுக்கு நின்றுகொண்டிருந்தான்.

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல். நம்முடையது மூன்று மொழி ஊர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். வீட்டில் முனியப்பா, தமிழ்ப் பதிவேட்டில் முனியப்பன். அங்கே வெங்கடேஷப்பா, இங்கே வெங்கடேசன். மனிதனே மனிதனை அடையாளம் கண்ட காலத்தில் இது பிரச்சினையாக இல்லை. "நம்ம முனியப்பாதான்பா" என்று வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டுவிடுவார். பிரச்சினை பின்னால் வந்தது.

3) எல்லைக்கு அந்தப் பக்கம் பூமி, இந்தப் பக்கம் மின்-மாவட்டம்

அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். ஆனேக்கல், மாலூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் உறவினர்கள் நமக்கு நிறையப் பேர். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பட்டா நம்மைவிட முன்பே பழக்கமானது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்நாடக அரசு "பூமி" என்ற திட்டத்தில் 177 தாலுகாக்களின் நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியது. சுமார் 67 லட்சம் உடைமையாளர்கள், 2 கோடிப் பதிவுகள். 15 ரூபாய் கட்டினால் பஹணி கையில். கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்றும் அறிவித்துவிட்டார்கள். உலக வங்கி வரை அந்தத் திட்டத்தைப் பேசினார்கள்.

பேசத் தகுந்த திட்டம்தான். ஒரு நகலுக்காக ஊர்க் கணக்கர் பின்னால் நடந்து, அவர் கேட்டதைக் கொடுத்த காலம் முடிந்தது. ஆனால் சாலமன் பெஞ்சமின் போன்ற ஆய்வாளர்கள் பெங்களூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு எச்சரிக்கையும் எழுதினார்கள். கணக்கு ஊரை விட்டுத் தலைநகரம் போனதால், பெரிய அளவில் நிலம் வாங்குகிறவர்களுக்குத்தான் அது அதிகம் உதவியது என்பது அவர்கள் வாதம். சிறு விவசாயிக்குத் தன் ஊர்க்காரரோடு பேசித் தீர்க்க இருந்த வழி குறுகிப்போனது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2006இல் மத்திய அரசு தேசிய மின்-ஆளுமைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் ஒரு பகுதியான மின்-மாவட்டத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் சோதனை முறையில் தொடங்கிய மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளுக்குத் தாலுகா அலுவலக மரத்தடியில் உட்காராமல், பக்கத்து மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கணினிக்குள்ளேயே அது நகரும். இன்று மாநிலம் முழுக்க இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி நீங்கள் வாங்கும் சான்றுக்கு முன்னோடி இதுதான்.

நடுவில் தமிழ் எழுத்தே ஒரு பெரிய தடையாக இருந்ததை இளையவர்கள் அறிய மாட்டீர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்குபடுத்தினார்கள். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அதுவரை ஒரு அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் அடித்ததை இன்னொரு கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும்.

இப்போது கவனியுங்கள். யு.டி.ஆர். காலத்தில் எழுதியதைப் பார்த்துத்தான் கணினியில் ஏற்றினார்கள். அதிலிருந்த பிழையும் அப்படியே ஏறியது. பழைய பேரேட்டில் பிழை இருந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கும், பென்சிலில் ஒரு பெயர் இருக்கும். பார்க்கிறவருக்கு "இதில் ஏதோ விவகாரம் இருக்கிறது" என்று புரியும். கணினித் திரையில் பென்சில் குறிப்பு இல்லை. பிழையும் சரியும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அழகோடு, கியூ.ஆர். கோடோடு வருகின்றன. நகல் வாங்க இரண்டு நிமிடம். அந்த நகலில் இருக்கும் யு.டி.ஆர். பிழையைத் திருத்தவோ தாசில்தார், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று படியேற வேண்டும்.

4) தொழிற்சாலைக் கணக்கு

நிலக் கணக்கின் கதைதான் வேலைக் கணக்கிலும். 1971இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்தங்கிய பகுதி என்று சலுகை கொடுத்து ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மொபெட், சில வருடங்களில் டைட்டன் கடிகாரம். கேழ்வரகும் ரோஜாவும் விளைந்த ஊரில் மூன்று ஷிப்ட் சங்கு ஊதியது. இன்று போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைபேசி பாகங்கள் என்று நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் பஸ் ஏறுகிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது.

அன்று மஸ்டர் ரோலில் மேஸ்திரி கோடு போடுவார். பிறகு கார்டைச் செருகினால் "டக்" என்று நேரம் குத்தும் கடிகாரம் வந்தது. பிறகு விரல் ரேகை, இப்போது முகம். தொழிலாளிக்கு இதில் லாபமும் உண்டு. வந்த நாளை வரவில்லை என்று மேஸ்திரி எழுத முடியாது. பி.எஃப். கணக்கிலும் அப்படியே. 2014இல் யு.ஏ.என். என்ற ஒரே எண் வந்ததால், கம்பெனி மாறினாலும் கணக்கு தொடர்கிறது. பணம் கட்டினார்களா இல்லையா என்று கைபேசியிலேயே தெரிகிறது. முன்பு பத்து வருடம் கழித்துத்தான், ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை என்ற செய்தியே தெரியவரும்.

ஆனால் நம் முனியப்பா இங்கேதான் மாட்டிக்கொண்டார். அவரை ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், இந்தப் பெயரில் என்னிடம் படித்த நான்கு பேருக்கு இது பொருந்தும். கர்நாடகப் பக்கத்துத் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் சேர்ந்தபோது முனியப்பா. ஆதாரில் முனியப்பன். பான் கார்டில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கிறது. பிறந்த தேதி பி.எஃப்.இல் ஒன்று, ஆதாரில் ஒன்று.

பிறந்த தேதிக்கும் ஒரு வரலாறு உண்டு. வீட்டுப் பிரசவ காலத்தில் பிறப்புச் சான்று யாரிடம் இருந்தது? பையனைக் கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. பள்ளிச் சேர்க்கைக்குத் தோதாக மே மாதமோ ஜூன் மாதமோ ஒரு தேதி எழுதுவார்கள். நம் தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்களாக இருப்பதற்கு ஜாதகம் காரணமில்லை. பஞ்சாயத்துக் காலத்து ஏற்பாடு அது, அன்றைக்கு யாருக்கும் நஷ்டமில்லை. அந்தத் தேதியை ஐம்பது வருடம் கழித்து இயந்திரம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் என்று யார் கண்டார்கள்?

2021 செப்டம்பரிலிருந்து ஆதார் இணைக்காத கணக்குக்கு நிறுவனம் பணம் கட்டவே முடியாது என்றானது. பெயர் பொருந்தாவிட்டால் ஆதார் இணையாது. திருத்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். கான்ட்ராக்டரோ போர்டைக் கழற்றிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். யாரிடம் கையெழுத்து வாங்குவது? இப்படிச் சொந்தப் பணமே பூட்டுக்குள் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். கல் பாலிஷ் போட்டும், வார்ப்படம் தேய்த்தும் ரேகை அழிந்த விரலை இயந்திரம் ஏற்காமல் ரேஷன் கடையில் நின்றவர்களையும் தெரியும்.

கேட்க இடமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சாலையிலேயே ஒரு சாட்சி உண்டு. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி போட்டது. வேலையை விட்டாலும் நிறுவனம் கட்டிய பி.எஃப். பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது. சில வருடம் தைத்துவிட்டு, அந்தப் பணத்தில் கடனோ கல்யாணமோ முடிக்க நினைத்த பெண்களை யாரும் கேட்கவில்லை. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர் கார்மென்ட்ஸ் பெண்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். பெரிய சங்கம் எதுவும் முன்னால் நிற்கவில்லை. தடியடி, கண்ணீர்ப் புகை எல்லாம் நடந்தது. 19ஆம் தேதியே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. மனுக் கொடுக்க ஒரு மேசை இருந்திருந்தால் அவர்கள் ஏன் சாலைக்கு வரப்போகிறார்கள்?

5) எல்லைக்கோட்டில் இரண்டு காட்சிகள்

ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜூலை 1 ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. இதில் ஒரு நுணுக்கம் பாருங்கள். வழியில் வண்டி பழுதானால் புது வண்டி எண்ணை வியாபாரியே மாற்றிக்கொள்ளலாம். தவறாகப் போட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். மனிதன் தப்பு செய்வான், வண்டி ரிப்பேர் ஆகும் என்று யோசித்து, திருத்தும் வழியை முதலிலேயே உள்ளே வைத்துச் செய்தார்கள்.

இரண்டாவது காட்சி 2020 கொரோனா காலம். ஓசூரில் வீடு, பொம்மசந்திராவில் வேலை என்று இருந்தவர்கள் தமிழ்நாட்டு இ-பாஸுக்கு ஒரு தளம், கர்நாடகத்தின் சேவா சிந்துவில் ஒரு பதிவு என்று அல்லாடினார்கள். ஒரு தடவை பயணம் போகிறவருக்குக் கட்டம் இருந்தது. தினம் காலையில் போய் மாலையில் திரும்புகிறவரின் வாழ்க்கைக்கு அந்தப் படிவம் இடம் கொடுக்கவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து செய்தவர்களுக்கு, இந்த எல்லை சிலருக்கு வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஓடும் தெரு என்பது தோன்றவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மத்திய அரசு கடிதம் எழுதிய பிறகுதான் கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

6) ஆகவே என் பதில்

இருநூறு வருடத்துக் கதையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் நகல் வாங்குவது எளிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. திருத்துகிற அதிகாரம் மட்டும் ஊரிலிருந்து தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. கர்ணம் அநியாயம் செய்தார், ஆனால் அவர் திண்ணை பக்கத்தில் இருந்தது, சண்டையாவது போடலாம். இன்று அநியாயம் செய்ய ஆளே இல்லை, சண்டை போடவும் ஆளில்லை. இ-சேவை மையத்துப் பெண்ணைத் திட்டுவதில் பயனில்லை. அவரால் அனுப்ப மட்டும்தான் முடியும்.

கர்ணம் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். லாரிக்காரருக்கு 24 மணி நேரத்தில் கொடுத்த வசதியை, பட்டாக்காரருக்கும் பி.எஃப். சந்தாதாரருக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். முடியாத காரியமில்லை. 2025 ஜனவரியில் பி.எஃப். நிறுவனமே ஒரு படி இறங்கி வந்தது. 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதார் சரிபார்ப்போடு பெற்ற யு.ஏ.என். என்றால், பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் நீங்களே திருத்தலாம். பழைய எண்காரர்களுக்குத்தான் இன்னும் பாடு. கர்நாடகத்தில் 2011இல் சகாலா என்ற சேவை உரிமைச் சட்டம் போட்டார்கள். குறித்த நாளில் வேலை முடியாவிட்டால் விண்ணப்பித்தவருக்கு நஷ்டஈடு உண்டு. இப்படி ஒரு சட்டம் நமக்கும் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. எனக்கும் அதில் உடன்பாடு.

உங்களுக்கு, வழக்கம்போல் வீட்டுப்பாடம்:

• இந்த வாரமே உங்கள் பட்டாவை இணையத்தில் எடுத்துக் கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு நான்கும் சரியா? பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். விவரம் தெரிந்த சாட்சி அவர்கள்தான்.

• பி.எஃப். கணக்கில் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி பாருங்கள். வேலையை விடுவதற்கு முன் பாருங்கள். விட்ட பிறகு கான்ட்ராக்டரைத் தேட முடியாது.

• ஜமாபந்தி வழக்கமாக மே, ஜூனில் வரும். உங்கள் பிர்க்காவுக்கு என்று நாள் குறிப்பார்கள். மனுவை எழுதிக்கொண்டு நேரில் போங்கள், ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அதிகாரி கணக்கோடு வந்து உங்கள் முன் உட்காரும் நாள் அது. ரீட், மன்றோ காலத்து ஏற்பாட்டில் நமக்கு மிஞ்சியிருக்கும் நல்ல பகுதி.

• வி.ஏ.ஓ., தாலுகா அலுவலகம், எச்.ஆர். பிரிவு என்று இருக்கும் என் பிள்ளைகளுக்கு: திரையில் பொருந்தவில்லை என்றால் "ரிஜெக்ட்" அழுத்தும் முன், எது பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி ஒருவருக்கு மூன்று தடவை பஸ் காசு மிச்சம்.

• எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கு: படிவம் செய்யும்போது முனியப்பாவையும் முனியப்பனையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல ஒரு இடம் விடுங்கள்.

யு.டி.ஆர். திருத்தமோ பி.எஃப். திருத்தமோ வெற்றிகரமாக முடித்தவர்கள், எந்த அலுவலகம், என்னென்ன ஆவணம், எத்தனை நாள் என்று கீழே எழுதுங்கள். உங்கள் ஆதார் எண், யு.ஏ.என்., சர்வே எண் எதையும் எழுத வேண்டாம். வழியை மட்டும் எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்